எல்லா வீட்டிலும் ஒரே மீன் கறி

“மா, நீங்க எல்லாரும் சேர்ந்து என்னைக் கவுத்துட்டீங்க!”

போன மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், என் மகள் தர்ஷினி கதவைத் திறந்ததும் திறக்காததுமாகச் சொன்ன வார்த்தை இது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

யார் அந்த ‘எல்லாரும்’? நானும், எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் சில பெண்களும். அப்படி என்ன செய்துவிட்டோம்? அவளுக்கு உதவி செய்தோம். நல்ல மனதோடு, ஒற்றுமையாக, ஒருத்தி பாக்கியில்லாமல் உதவி செய்தோம்.

அதுதான் குற்றமாம்.

தர்ஷினி இங்கே கெலுகோரில்தான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கடைசி ஆண்டு. கடைசி ஆண்டு என்றால் ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும். அது தேறினால்தான் பட்டம். பிள்ளை ஆய்வுக் கட்டுரை எழுதும் வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது... அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

கட்டுரை என்றால் எனக்குத் தெரியாதா என்ன? பள்ளிக்கூடத்தில் நான் எழுதாத கட்டுரையா? முன்னுரை, மூன்று கருத்து, முடிவுரை. ஆரம்பத்தில் ஒரு பழமொழி. ஆசிரியருக்குப் பிடித்தால் மார்க். ஆய்வுக் கட்டுரை என்பது இதே சமாச்சாரம்தான், கொஞ்சம் நீளம் ஜாஸ்தி... அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

“முதல்ல ஒரு பழமொழி போட்டா எடுப்பா இருக்கும் தர்ஷினி.”

“மா, இது ஸ்கூல் கட்டுரை இல்ல லா.”

“சரி, முடிவுரையையாவது இப்பவே எழுதி வச்சிடு. கடைசி நேரத்துல டென்ஷன் இல்லாம இருக்கும்.”

“முடிவு என்னான்னு எனக்கே இன்னும் தெரியாதும்மா.”

“முடிவு தெரியாமலா எழுத ஆரம்பிச்சே?”

“தெரியாததாலதான்மா எழுதறேன்.”

இந்தப் பதில் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. நான் எப்போதும் முடிவை முதலில் எழுதுகிற ஜாதி. மகள் வரக் கொஞ்சம் தாமதமானால் போதும்... வழியில் விபத்து என்று என் மனம் முடிவுரையை எழுதிவிடும். அப்புறம்தான் அவளுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். நீங்களும் அப்படித்தானா? இல்லை என்றால் நீங்கள் பெற்றவர் இல்லை, அல்லது பொய் சொல்கிறீர்கள்.

எனக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம். காரணம் இந்தப் பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். என் கணவர் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தவர். போன வருடம் ஒருநாள் வேலைக்குப் போனவர், வேலையில் இருந்தபடியே போய்விட்டார். நெஞ்சு வலியாம். எனக்குப் போனில்தான் சொன்னார்கள். இன்றைக்கும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் உட்கார்ந்துகொண்டுதான் எடுப்பேன். பெரும்பாலும் இன்ஷூரன்ஸ்காரர்களாக இருப்பார்கள். அவர்களிடம் நான் அத்தனை சந்தோஷமாகப் பேசுவதைக் கேட்டு அவர்களே பயந்துபோகிறார்கள்.

நான் அழுதேன், புலம்பினேன், உங்களுக்கு எழுதினேன். தர்ஷினி?

அன்றிலிருந்து அவள் ‘அப்பா’ என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை. அவருடைய சட்டைகளை மடித்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். அவருடைய மோட்டாரை ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆனால் பேச்சு இல்லை. நான் எடுத்தாலும் “தண்ணி வேணுமாம்மா?” என்று எழுந்து போய்விடுவாள். நான் ஏங்கியது எல்லாம் அந்த ஒன்றுக்குத்தான். இந்த வீட்டில் அவரைத் தெரிந்த இன்னொரு ஆள் அவள் ஒருத்தி மட்டுமே. அவளும் பேசாவிட்டால் நான் யாரோடு அவரை ஞாபகப்படுத்திக்கொள்வது?

அப்படிப்பட்டவள் ஆய்வுக்கு எடுத்த தலைப்பு என்ன தெரியுமா? ‘ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பங்களில் சாப்பாட்டு நேரம்.’

“ஏன் இதை எடுத்தே?” என்றேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

“ஈசிம்மா. நம்ம புளோக்குலயே ஆள் கிடைக்கும்.”

அவ்வளவுதான். நானும் மூச்சை விட்டுவிட்டேன்.

ஆனால் ஆள் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பை நான் விடவில்லை. எதிர்வீட்டு அக்காவிலிருந்து தொடங்கினேன். அவர் கணவரும் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட் பார்க்கிறார். பேரை மாற்றி எழுதினால்தான் சம்மதிப்பேன் என்று அந்த அக்கா சொல்லியிருப்பதால் புஷ்பா அக்கா என்று வைத்துக்கொள்வோம். புஷ்பா அக்கா மூலம் கீழ்மாடியில் சிலர். எல்லாரையும் எங்கள் வீட்டுக்கு வரவழைத்து, தே தாரிக் டீ ஆற்றி, வடை சுட்டுப் போட்டேன். தர்ஷினி அப்போது வகுப்பில் இருந்தாள்.

“பிள்ளை வந்து கேள்வி கேட்கும். நல்லபடியா பதில் சொல்லுங்கக்கா. மார்க் இருக்கு” என்றேன்.

“நீ கவலைப்படாதே லா. நாங்க சொல்ற பதிலுக்கு அவளுக்கு ஏ கிடைக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்” என்றார் புஷ்பா அக்கா. (மாற்றியாகிவிட்டது, பார்த்தீர்களா?)

“என்னா கேப்பா?” என்றார் ஒருவர்.

“வீட்டுல யார் யார் ஒண்ணா சாப்பிடுவீங்கன்னு கேப்பா.”

வடை மெல்லும் சத்தம் மட்டும்.

“எல்லாரும் ஒண்ணாத்தானே சாப்பிடறோம்?” என்றார் புஷ்பா அக்கா.

“ஆமா ஆமா... ஒண்ணாத்தான்” என்றோம் எல்லாரும்.

அப்படித்தான் நடந்தது. சத்தியமாக நான் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை.

தர்ஷினி ஒவ்வொரு வீடாகப் போய்க் கைப்பேசியில் பதிவு செய்தாள். கடைசியாக என்னையும் உட்கார வைத்தாள். நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குரல் பதிவுக்கு எதற்குச் சேலை என்று கேட்காதீர்கள்.

“உங்க வீட்டுல ராத்திரி சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க” என்றாள், என்னை முன்பின் பார்த்திராதவள் மாதிரி.

நான் சொன்னேன். அருவி மாதிரிச் சொன்னேன். எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். டிவியை அணைத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் கறி. அவர் அன்றைய வேலைக் கதையெல்லாம் சொல்வார். முதல் கவளத்தை அவர்தான் எடுத்து என் தட்டில் வைப்பார்...

தர்ஷினி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். “ம்ம்... அடுத்த கேள்வி” என்றாள்.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருவோம். செருப்போடு நின்றுகொண்டு அவள் சொன்னதைக் கேளுங்கள்.

“மேடம் எல்லாத்தையும் படிச்சிட்டுச் சிரிக்கிறாங்கம்மா. ‘எல்லா வீட்டுலயும் டிவி அணைஞ்சிருக்கு. எல்லா வீட்டுலயும் அப்பா கதை சொல்றாரு. எல்லா வீட்டுலயும் ஞாயிற்றுக்கிழமை மீன் கறி. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்த ஒரு அப்பாகூடவா தூங்கல?’ங்கறாங்க.”

மேடம் என்பது அவளுக்கு வழிகாட்டும் விரிவுரையாளர். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்தவர்.

“அலாமாக்! மீன் கறியை எல்லாருமா சொல்லிட்டாங்க?” என்றேன்.

“அப்போ நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்களா?”

“அன்னிக்கு வடை சாப்பிடறப்ப... பேச்சுவாக்குல...”

“மா! இதை வச்சு ஒரு வரி எழுத முடியாது. திரும்ப எல்லாரையும் கேக்கணும். இந்தத் தடவையும் இப்படி வந்தா ஃபெயில்தான்.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

“என்னா லா இது அநியாயமா இருக்கு!” என்றார் புஷ்பா அக்கா. “நல்லதா சொன்னா ஃபெயிலா? எங்க வீட்டுல ஆளுக்கொரு மூலையில திங்கறோம்னு சொன்னா யூனில நம்மளைப் பத்தி என்னா நினைப்பாங்க?”

“உண்மையைத்தான் சொல்லணுமாம்க்கா.”

“உண்மையையா?” அக்கா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “உண்மைய வச்சு யாராச்சும் பாஸாகி இருக்காங்களா?”

சிரித்தோம். ஆனால் அன்று மாலை தர்ஷினி தட்டச்சு செய்து வைத்திருந்த பக்கங்களை நான் எடுத்துப் படித்தேன். நான் சொன்னதை நானே படித்தேன். ‘முதல் கவளத்தை அவர்தான் எடுத்து என் தட்டில் வைப்பார்.’

யார் வைத்தது? எப்போது வைத்தார்? எங்கிருந்து வந்தது இந்தக் கவளம்?

நடந்தது வேறு. நான் கிளினிக்கில் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அவர் தொழிற்சாலைப் பேருந்தில் பாலத்தைத் தாண்டியிருப்பார். காலையில் அவர் வரும்போது நான் கிளம்பும் அவசரத்தில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தூக்கம். திரைச்சீலையை இழுத்துவிட்டு, நானும் மகளும் பூனை மாதிரி நடப்போம். மீன் கறி வைப்பேன், உண்மைதான். அவருடைய பங்கை மூடி வைத்துவிட்டு நாங்கள் சாப்பிடுவோம். கல்யாணமான புதிதில் சூலியா தெருவில் ஒரு கடையில் எதிரெதிரே உட்கார்ந்து நாசி கண்டார் சோறு சாப்பிட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது என்றால், அதன் பிறகு எத்தனை முறை அப்படிச் சாப்பிட்டிருப்போம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆக, நான் மார்க்குக்காகச் சொன்ன பொய் இல்லை அது. கேள்வி கேட்டதும் வாய் தானாகப் போய் எதைத் தொட்டதோ அதைச் சொல்லியிருக்கிறது. அந்த அக்காக்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். யாரும் யாரையும் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. எல்லாருக்கும் ஆசை ஒன்றாக இருந்திருக்கிறது. மீன் கறி மட்டும்தான் காப்பி.

அடுத்த வாரம் தர்ஷினி மறுபடியும் வீடு வீடாகப் போனாள். இந்தத் தடவை வடை கிடையாது. நானும் கிடையாது. புஷ்பா அக்கா என்ன சொன்னார் என்பதை அவரே என்னிடம் வந்து சொன்னார்.

“கேட்டா, சொல்லிட்டேன். அவரு சாப்பிடறதை நான் கண்ணால பாத்து ரொம்ப நாளாச்சு. சிங்க்ல கிடக்கற தட்டைத்தான் பாக்கறேன். மீன் முள்ளைப் பாத்துத்தான் மனுஷன் நல்லாச் சாப்பிட்டாரான்னு தெரிஞ்சிக்குவேன்னேன்.”

“அதுக்குத் தர்ஷினி என்ன சொன்னா?”

“மூக்கை உறிஞ்சுச்சு. ஏர்கான்னு நினைச்சேன்.” கொஞ்சம் பொறுத்து, “எங்க வீட்டுல ஏர்கான் இல்லையே லா” என்றார்.

புஷ்பா அக்காவின் கணவர் நன்றாக இருக்கிறார், நீடூழி வாழட்டும். நான் அதைக் கேட்டுவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? “அக்கா, நாளைக்கு லீவு போட்டாவது அவரோட உட்கார்ந்து சாப்பிடுங்க.” அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். போட்டாரா இல்லையா... கேட்கவில்லை.

என் முறை வந்தது. இந்தத் தடவை வீட்டு உடையிலேயே உட்கார்ந்தேன். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு அதே குரலில் அதே கேள்வியைக் கேட்டாள். நான் உண்மையைச் சொன்னேன். மூடி வைத்த சாப்பாடு. பூனை நடை. அவருக்கு ரசம் சூடாக வேண்டும் என்று தெரிந்தும் ஒரு நாளும் சூடாக ஊற்றிக் கொடுக்க நான் பக்கத்தில் இருந்ததில்லை என்பது. சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. எதிரில் இருப்பவள் என் மகள். என் கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“ம்ம்... வேற ஏதாவது சொல்லணுமா?” என்றாள்.

“நீ சொல்லேன் கண்ணு. உனக்கு ஞாபகம் இல்லையா அப்பா எப்படிச் சாப்பிடுவாருன்னு?”

அவள் உதடு அசைந்தது. பிறகு, “நான் பதில் சொல்லக்கூடாதும்மா. கேள்வி கேக்கறவங்க தன்னோட கதையைச் சொல்லக்கூடாது. அது விதி” என்றாள்.

எந்த மடையன் வைத்த விதியோ! ஒரு வருடமாகப் பேசாத பிள்ளைக்கு, பேசாமலிருக்கப் பல்கலைக்கழகமே அனுமதி கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

போன புதன்கிழமை. நான் கிளினிக்கிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். தர்ஷினி வந்தாள். அமைதியாகச் செருப்பைக் கழற்றினாள். முடிவுரை தயார்: ஃபெயில்.

“மேடம் என்ன சொன்னாங்க?”

“இப்பதான் உண்மையான ஆளுங்க பேசறாங்கன்னாங்க. புஷ்பா ஆன்ட்டி சொன்ன தட்டு விஷயத்தை ரெண்டு தரம் படிச்சாங்க. எழுது, தேறிடும்னாங்க.”

“அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?”

“உங்களுது மட்டும் வேணாம்னுட்டாங்க.”

“ஏன்? நான் உண்மையைத்தானே சொன்னேன்?”

“மேடம் கேட்டாங்க: ‘இவங்க ஏன் உன்னைக் கண்ணுன்னு கூப்பிடறாங்க? ஏன் உன்னையே திருப்பிக் கேள்வி கேக்கறாங்க?’ன்னு. எங்கம்மான்னு சொன்னேன். நான் இருக்கற வீட்டையே நான் ஆராய்ச்சி பண்ணக்கூடாதாம். முன்னாடியே சொல்லியிருக்கணுமாம். எடுத்துடுன்னுட்டாங்க.”

அத்தனை பேரில் நான் ஒருத்திதான் தேறவில்லை! புஷ்பா அக்கா பாஸ், நான் ஃபெயில். சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அவ்வளவு சிரமப்பட்டு வெளியே எடுத்ததை இனி யாரும் படிக்கப்போவதில்லை.

“சரி விடு” என்று எழுந்தேன்.

“மா, உக்காருங்க” என்றாள். பையை இறக்கி வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். கைப்பேசியை எடுக்கவில்லை. “உங்களுது கணக்குல இல்லைன்னா, அப்ப நான் பதில் சொல்லலாம்.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“நீங்க கேட்டீங்கள்ல... அப்பா எப்படிச் சாப்பிடுவாருன்னு.”

அப்பா. அந்தச் சொல்.

“செகண்டரி படிக்கறப்ப ஸ்கூல் வேனுக்குக் கீழே நிப்பேன்ல? அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி நேரா மேலே வர மாட்டாரும்மா. அங்க மோட்டார் நிறுத்தற இடத்துல சிமெண்ட் பெஞ்சு இருக்குல்ல, அதுல வந்து உக்காருவாரு. பேக்டரியில ராத்திரி கொடுக்கற காயா பன்னை, அந்தத் தேங்காய்ப்பால் ஜாம் வச்ச பன்னை, சாப்பிடாம எடுத்துட்டு வருவாரு. அதைப் பிச்சு எனக்குப் பாதி, அவருக்குப் பாதி. காயா நிறைய இருக்கற பக்கம் எனக்கு.”

“தினமுமா?”

“ஸ்கூல் இருக்கற நாளெல்லாம். வேன் வர்ற வரைக்கும்.”

“என்ன பேசுவீங்க?”

“ஒண்ணும் பேச மாட்டோம்மா. அவருக்கும் தூக்கம், எனக்கும் தூக்கம். சும்மா சாப்பிடுவோம். அப்புறம் என் வாயைத் துடைச்சுவிட்டு, ‘அம்மாகிட்ட சொல்லாதே, மேலே ஆக்கி வச்சிருப்பாங்க, நான் போய்ப் பசியாறணும்’பாரு.”

அதற்கப்புறம் மாடி ஏறி வந்து என் தோசைக்கு முன்னால் உட்கார்வார். ஒன்றைத் தின்றுவிட்டுப் போதும் என்பார். தூக்கக் கலக்கம், பாவம், சாப்பிடக்கூட முடியவில்லை என்று நான் அத்தனை காலம் வருத்தப்பட்டேன்!

“கள்ளன்” என்றேன்.

தர்ஷினி சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். அப்பா இப்படித்தான் பன்னைப் பிய்ப்பாரு, அப்பா சட்டையில மிஷின் எண்ணெய் வாசனை வரும், அப்பா ஒரு நாள் பெஞ்சுலயே தூங்கிட்டாரு, எழுப்ப மனசு வராம வேனை விட்டுட்டேன்... வார்த்தைக்கு வார்த்தை அப்பா. நான் குறுக்கே பேசவில்லை. “ம்ம்” என்று மட்டும் சொன்னேன். கேள்வி கேட்கிறவர்களுக்கு அந்த விதியை வைத்தவன் மடையன் இல்லை என்று அப்போது தோன்றியது.

கட்டுரையை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாள். முடிவுரை இன்னும் எழுதவில்லை, நானும் நச்சரிக்கவில்லை. எங்கள் வீடு அதில் இல்லை. யார் யாரோடு சாப்பிட்டார்கள் என்ற கேள்விக்கு எங்கள் வீட்டின் சரியான பதில், கேள்வியைத் தயாரித்தவளிடமே இருந்தது. அதைச் சேர்க்க விதி இடம் கொடுக்காது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பத்திக்கு மேடம் கிடையாது.

ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவே கொடுத்து வைக்காத குடும்பம் என்று எங்களை நினைத்திருந்தேன். பார்த்தால், எனக்குத் தெரியாமல், மாடிக்குக் கீழே, நாள் தவறாமல் ஒரு பந்தி நடந்திருக்கிறது. அவர்கள் இரண்டு பேருக்கும் அது கிடைத்ததே என்று மனம் நிறைகிறது. நிறைந்த கையோடு ஒரு ஓரத்தில் எரிகிறது.

காயா பன் எனக்கும் பிடிக்கும்... ஒரு நாளாவது மேலே பார்த்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம் அந்த மனுஷன்.